பில்லு போட நல்லாருக்கு, அழிக்கத்தான் உசுரு போகுது (3/5)

மதுரை கீழமாசி வீதில மளிகை மொத்த வியாபாரம் நமக்கு, ஆறு மாசமா இந்த ஆன்லைன் பில்லிங் சாஃப்ட்வேர்தான் ஓட்டுறோம், பில்லு டக்கு டக்குன்னு போடுது ஆனா தப்பா ஏத்துன என்ட்ரிய அழிக்கப் போனா 419 பேஜ் எக்ஸ்பயர்டுன்னு வெள்ளையா ஒரு பக்கம் வந்து நிக்கும். சாஃப்ட்வேர்காரங்களுக்கு போன் போட்டா "நெட்டு ஸ்லோவா இருக்கும்ணே"ங்குறாய்ங்க, அதே நெட்டுலதான பில்லு போகுது!

கடைசில மச்சான் மகன் வந்து பாத்தான். லாராவெல்னு வெப் சாஃப்ட்வேர் செய்யுற ஒரு ஃப்ரேம்வொர்க்குல செஞ்சதாம், மாத்தி வைக்கலைன்னா 120 நிமிஷம் சும்மா கெடந்தா செஷன் (நம்மள சர்வர் ஞாபகம் வச்சிருக்க நேரம்) முடிஞ்சு, ஃபார்ம்ல இருக்க டோக்கன் (இது நம்ம அனுப்புனதுதான்னு காட்டுற ரகசிய அடையாளம்) செல்லாமப் போயிருமாம். "ரெஃப்ரெஷ் பண்ணிட்டு டெலிட்ட அமுக்குங்க மாமா"ன்னான். நான் வெள்ளனா தொறந்த பக்கத்துல மதியம் சாப்ட்டு வந்து அமுக்கிட்டு இருந்துருக்கேன்.

அது சரியாச்சு, ஆனா பழைய கஸ்டமர் பேர அழிச்சா 500 எரர். அந்தாளு பேருல பில்லு கெடக்குறதால டேட்டாபேஸ் விடாதாம், நியாயந்தான், அழிஞ்சுட்டா பாக்கிய யாருகிட்ட கேக்குறது. அத "இவருக்கு பில் இருக்கு, அழிக்க முடியாது"ன்னு ஒரு வரில காட்டுனா என்ன, மொட்டையா 500ன்னா நான் ஏதோ ரூவா கேக்குதுன்னுல நெனச்சேன்.