தையல் தழும்புக்கு சிலிக்கான் ஷீட்டுன்னு 3,450 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க, மதுரைக்காரங்க உஷார்

நேத்து ராத்திரி வரைக்கும் அலைஞ்சாச்சு. 3,450 ரூபாய் இனி வராது. அடுத்தவங்களாவது ஏமாறாம இருக்கணும். தையல் காயத்தை வீட்டுல எப்படிப் பார்த்துக்கணும்னும் கடைசியில சொல்றேன்.

மதுரையில ஒரு சர்ஜிக்கல் கடை. பேரு வேண்டாம். அக்காவுக்கு சிசேரியன் ஆகி 12ஆவது நாள், தையல் பிரிச்சு நாலு நாள். சிலிக்கான் ஷீட் (தழும்பு தடிக்காம இருக்க மேல ஒட்டுற மெல்லிய தாள்) கேட்டதும், கல்லாவுல இருந்தவர் சட்டையைத் தூக்கித் தன்னோட குடலிறக்க ஆபரேஷன் தழும்பையே காட்டினாரு. "கோடு தெரியுதா பாருங்க தம்பி? இதேதான் போட்டேன். இன்னைக்கே ஒட்டுங்க, மூணு நாளைக்குக் கழட்டாதீங்க." சொந்த வயித்தைக் காட்டிப் பேசுறவரை எப்படிச் சந்தேகப்படுறது? ஷீட் 2,600, கூட ஒரு ஆயின்ட்மென்ட் டப்பா 850. பில் கேட்டா, "ஜிஎஸ்டி தனியா வரும், எதுக்கு உங்களுக்கு?"

சொன்னது அத்தனையும் தப்பு. காயத்தோட ஓரத்துல லேசா நீர் கசிஞ்சது. அப்படி இருந்தா அசல் சிலிக்கானையே ஒட்டக் கூடாது. காயம் முழுசா மூடி, பொருக்கு தானா உதிர்ந்த பிறகுதான். அதுவும் முதல்ல தினம் சில மணி நேரம். அரிப்பு, தடிப்பு இல்லைன்னா மெதுவா 12 மணி நேரத்துக்கு மேல, ரெண்டு மூணு மாசம். தினமும் கழட்டி சோப்புத் தண்ணியில அலசிக் காய வச்சா அசல் ஷீட் மறுபடி ஒட்டும். இவர் குடுத்தது வெறும் பிளாஸ்திரிப் பசை. இந்த வெயிலுக்கு வேர்வை உள்ளேயே தேங்கி ஊறி, மூணாம் நாள் உரிக்கையில தோலும் சேர்ந்து வந்து, ஓரம் அரை சென்டிமீட்டர் பிளந்துருச்சு. அலசினா பசை கொழகொழன்னு கரைஞ்சு, கையில பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் மிச்சம்.

டப்பாவுல கம்பெனி பேரு, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எதுவுமே இல்ல. இந்த மாதிரி கிரீம்ல ஸ்டீராய்டு கலந்திருந்தா காயம் ஆறுறதே தள்ளிப்போகும்.

கடைக்குப் போனா முதல் நாள், "பிரிச்ச சரக்கு ரிட்டர்ன் கிடையாது." மறுநாள், "முதலாளி மேலூர் போயிருக்காரு." அதுக்கு அடுத்த நாள், "உங்க அக்கா உடம்பு வாகு அப்படி." காயத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா ரெண்டு நீல டிக், பதிலே இல்ல. பச்சை உடம்புக்காரி வலியில துடிக்கிறா, 3,450 ரூபாய் வாங்கினவரு போனை எடுக்க மாட்டேங்குறாரு.

சரி, சொல்ல வந்தது. பில்லும் பேட்ச் நம்பரும் இல்லாம எதையும் வாங்காதீங்க. ஆறாத காயத்துல மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். குளிச்சதும் தேய்க்காம ஒத்தி எடுங்க, அடிவயித்து மடிப்புல ஈரம் நிக்கக் கூடாது. சிவப்பு பரவினா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட அன்னைக்கே போங்க. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

மசாஜ் பத்தியெல்லாம் எழுத இப்ப நேரமில்ல. டிரெஸ்ஸிங் மாத்தக் கூட்டிட்டுப் போகணும்.