ஓரம் நறுக்கிய பேஸ்பால் கார்டுகள் விற்பனையில் இருக்கின்றன, கவனம்

டாப்ஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரனின் கார்டு ஒன்றை இணைய விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டுவிட்டதால், வலக்கை ஆட்டக்காரரான ஆரன் அதில் இடக்கை ஆட்டக்காரராக நிற்பார். அதற்காகவே வெகுநாளாக ஆசைப்பட்ட கார்டு. "பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே இருக்கிறது" என்று எழுதியிருந்தார். கார்டைச் சோதித்து, மதிப்பெண் ஒட்டிய பெட்டிக்குள் வைத்துத் தரும் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். தேய்ந்த ஓரத்தைப் புதிதுபோலக் காட்ட நறுக்கியிருக்கிறார்கள் என்று மதிப்பெண் தராமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விற்றவரைக் கேட்டால், "அந்தக் காலத்தில் அச்சகத்திலேயே கோணலாகத்தான் வெட்டினார்கள்" என்கிறார். கோணலாக வெட்டியது உண்மைதான். பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சிட்டு, தாள்களை அடுக்கி வெட்டுவார்கள். தாள் சற்று நகர்ந்தால் படம் ஒருபக்கம் ஒதுங்கிவிடும், அந்தப் பக்கத்து வெள்ளை விளிம்பு மெலிந்துவிடும். அது அச்சகத்தின் குறை. அதில் மோசடி எதுவும் இல்லை. என் கார்டின் கதை வேறு.

அந்த ஆண்டில்தான் டாப்ஸ் தன் கார்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாகச் சிறிதாக்கியது. அதே வரிசையின் மலிவான கார்டு ஒன்றின்மேல் ஆரனை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் மட்டும் மயிரிழை அளவு உள்ளே நிற்கிறது. பூதக்கண்ணாடியில் மற்ற மூன்று ஓரங்களும் பழுப்பேறி, அட்டையின் நார் லேசாகப் பிரிந்து தெரிகின்றன. வலது ஓரமோ வெளிறி, வழவழவென்று இருக்கிறது. இடப்பக்க முனைகள் சற்று மழுங்கியிருக்க, வலப்பக்க முனைகளில் தேய்மானமே இல்லை. ஒரே கார்டு ஒருபக்கம் மட்டும் வயதாகாமல் இருக்குமா?

மதிப்பெண் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 வரிசையில், 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கிய, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு 10க்கு 8 மதிப்பெண் பெற்றது. அதன் ஓரத்தை நறுக்கியது தான்தான் என்று ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி, எனக்கு விற்றவர் என் பணத்தைத் தர மறுத்துவிட்டார். பணம் கட்டுமுன் நான்கு ஓரங்களின் நெருக்கப் படத்தையும், அதே வரிசைக் கார்டு ஒன்றின்மேல் வைத்து எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதே நபர் விற்கும் இன்னொரு கார்டுக்கு நானும் அப்படிக் கேட்டேன். பதில் இல்லை, கார்டு இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.