வேலை போனதைத் தரகரிடம் சொல்லாதீர்கள், வீட்டு உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள்

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வாடகைக்கு இருந்து, அண்மையில் வேலையை இழந்தவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஒப்பந்தம் முடியச் சில வாரங்களே இருக்கின்றன என்றால் இன்றைக்கே படியுங்கள்.

நானும் என் மகளும் சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறோம். வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். வீட்டுக்கார ஐயா திருச்சியில் இருக்கும் பெரியவர். அதனால் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப்போவது தரகர்தான்.

மார்ச்சில் என் வேலை போயிற்று. ஒப்பந்தம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. தரகரிடம் கமிஷனைப் பிறகு தருகிறேன் என்று சொல்லப்போய், காரணத்தையும் சொல்லிவிட்டேன். "கவலைப்படாதீர்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். ஐயாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். சம்பளம் இல்லாதவருக்கு வீடு இல்லை என்கிறாராம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும், அல்லது மூன்று மாத வாடகையைக் கூடுதல் அட்வான்ஸாகக் கட்ட வேண்டுமாம். சம்பளச் சீட்டு "தயார் செய்ய" 3,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். பொய்ச் சீட்டு வேண்டாம் என்று மறுத்தேன். அந்த இடத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மகளுக்கு ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வீடு தேடினால் முதல் கேள்வியே "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான். நிறுவனம் கடைசியாகக் கொடுத்த பணத்திலிருந்து 66,000 அட்வான்ஸ், 11,000 கமிஷன், மொத்தம் 77,000 அனுப்பினேன். ஐயாவின் கணக்கில் ஏதோ வரிச் சிக்கல் என்று சொல்லி, தரகர் தன் மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "வாடகையை ஏற்ற வேண்டாம் என்று உங்களுக்காகப் போராடினேன்" என்றார். நன்றி சொன்னேன். பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டாமா என்று கேட்டதற்கு, பதினொரு மாதத்துக்குத் தேவையில்லை என்றார்.

மே மாதம் குளியலறைக் கூரையில் நீர் கசிந்தது. தரகர் தொலைபேசியை எடுக்கவில்லை. பழைய ஒப்பந்தத்தில் இருந்த எண்ணைத் தேடி நானே ஐயாவை அழைத்தேன். பேச்சு வாக்கில் கூடுதல் அட்வான்ஸ் பற்றிச் சொன்னதும் அவர் திகைத்துப்போனார். "நான் எதுவும் கேட்கவில்லையே அம்மா. ஒழுங்காக வாடகை கட்டுகிறாய், இந்த முறை ஏற்ற வேண்டாம் என்று நான்தானே அவனிடம் சொன்னேன்?" எனக்கு வேலை போனதே அவருக்குத் தெரியாது. புதிய பத்திரத்தில் இருந்த கையெழுத்தும் அவருடையதல்ல.

பதினொரு மாதக் கதை எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, எந்தக் குடியிருப்பு ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதிவுக்கு உரிமையாளரின் விவரங்கள் தேவை. நான் வற்புறுத்தியிருந்தால் ஐயாவிடம் போகாமல் தரகரால் தப்பித்திருக்க முடியாது. அட்வான்ஸுக்கும் அந்தச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. நான் முன்பே கட்டியிருந்தது அதைவிட அதிகம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். பணம் அனுப்பியதற்கான வங்கி விவரம், தரகரின் வாட்ஸ்அப் செய்திகள், போலிப் பத்திரம் மூன்றையும் இணைத்தேன். நிலையத்திலிருந்து அழைப்பு போன மறுநாள் 20,000 திரும்பி வந்தது. மீதி 57,000 இன்னும் வரவில்லை. தன் கைக்கு வராத பணத்துக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார் ஐயா. அவர்மீது எனக்குக் கோபமில்லை. திருச்சிக்கே போய் அவர் முன்னிலையில் புதிய ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்துவிட்டோம்.

அந்தத் தரகர் இன்றும் எங்கள் வளாகத்தில் வீடு காட்டிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் இரண்டாவது மாடியில் ஒரு பெண்ணிடம், "ஐயாவிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டாம் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு உரிமையாளரின் எண்ணைத் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.