எடின்பரோவில் நாலு குளிர்காலம்: படிப்பும் ஒரு ஜன்னலும்

போன செவ்வாய்க்கிழமை என் அறை ஜன்னல் சரியானது, பதினான்கு மாதம் கழித்து. அன்று ராத்திரியே கல்லூரி ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, எடின்பரோல எம்.எஸ்ஸி. சீட் கிடைச்சிருக்கு. லோன் போட்டு வரலாமா?" குரல் பதிவாகத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் எழுதிவிட்டேன்.

கட்டணம், தரவரிசை, பாடத்திட்டம் எல்லாம் அவளே பார்த்திருப்பாள். 1582-இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகம் என்பதும் தெரிந்திருக்கும். நான் 2021 செப்டம்பரில் நிலவியல் முதுகலைக்கு வந்தேன், அடுத்த வருஷமே இங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். இது நாலாவது குளிர்காலம்.

நிலவியல் படிக்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. ஊருக்கு நடுவிலேயே சுமார் 34 கோடி வருஷத்துக்கு முந்தைய எரிமலையின் மிச்சம் நிற்கிறது. ஆர்தர்ஸ் சீட், 251 மீட்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறினால் மாலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சரிவு. உருகிய பாறைக்குழம்பு பழைய படிவுப் பாறைக்குள் புகுந்து இறுகியது என்பதற்கு, நவீன நிலவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஜேம்ஸ் ஹட்டன் சாட்சி தேடிய இடங்களில் அதுவும் ஒன்று. அவர் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். பாடத்தில் வருகிற பெயர்களெல்லாம் நான் நடக்கிற தெருக்களில் நடந்தவர்கள் என்று உணர்ந்தபோது படிப்பின் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

அப்புறம் சிக்கார் பாயிண்ட். ஊருக்குக் கிழக்கே கடலோரம், 1788-இல் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த இடம். எங்களைப் பேருந்தில் கூட்டிப்போனார்கள். புல் சரிவில் கையை ஊன்றி ஊன்றி இறங்கினோம், முழங்கால் வரை சேறு. கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் செம்மணற்கல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. இரண்டும் சேருகிற கோட்டில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் ஆசிரியர். கட்டைவிரல் ஒரு பாறையில், சுண்டுவிரல் இன்னொன்றில். நடுவில் ஆறு கோடி வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்தக் காலத்தில் ஒரு மலைத்தொடரே எழுந்து தேய்ந்து போயிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிய கடனுக்கு அந்த ஒரு மதியம் போதும் என்று அன்று அம்மாவிடம் சொன்னேன்.

சரி, இப்போது ஜன்னல்.

மெடோஸ் புல்வெளிக்குத் தெற்கே மார்ச்மன்ட் பகுதியில் இருக்கிறேன். தெரு முழுக்க விக்டோரியா காலத்து நாலு மாடி மணற்கல் வீடுகள். வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே உயரமான கூரை, ஒற்றைக் கண்ணாடி போட்ட மரச்சட்ட ஜன்னல். இந்த ஜன்னல் மேலும் கீழும் நகரும். சட்டத்தின் இரண்டு பக்கமும் மரப்பெட்டிக்குள் இரும்பு எடை தொங்கும், கயிறு கப்பி வழியாக ஓடும். நம் ஊர்க் கிணற்று ராட்டினம்தான்.

2023 டிசம்பரில் மேல் சட்டத்தின் கயிறு அறுந்தது. சட்டம் இரண்டு விரல்கடை கீழே இறங்கி நின்றுவிட்டது. எட்டாத உயரத்தில் அந்த இடைவெளி, அது வழியாக வடகடல் காற்று. அந்த மாதம் இங்கே மாலை 3.40-க்குச் சூரியன் மறைந்துவிடும், காலை எட்டரை தாண்டித்தான் வரும். பழைய துப்பட்டாவை நாற்காலிமேல் ஏறித் திணித்தேன். காலையில் அது ஈரமாக இருக்கும். ஜனவரியில் சுவர் மூலையில் கரும்பூஞ்சை வந்தது. ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் தெருவுக்குப் போனது, பில் மட்டும் என்னிடம் வந்தது.

வீட்டை நிர்வகிக்கும் ஏஜென்சிக்கு எழுதினேன். இது பாதுகாக்கப்பட்ட பகுதி, நகராட்சி அனுமதி வேண்டும் என்றார்கள். நானும் நம்பி ஒரு வருஷம் காத்திருந்தேன். இருந்ததை இருந்தபடியே பழுதுபார்க்க அப்படி எந்த அனுமதியும் தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வாடகை வீட்டைச் சரியாக வைத்துத் தர வேண்டியது ஸ்காட்லாந்துச் சட்டப்படி உரிமையாளர் கடமை, செய்யாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டேன், எட்டாவது நாள் தச்சர் வந்தார்.

அவர் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு எடையை வெளியே எடுத்தார். துருப்பிடித்த இரும்பு உருளை, குழவிக்கல் நீளம். அதில் ஒட்டியிருந்த கயிற்று முனை தொட்டதும் தூளாகியது. புதுக் கயிறு கோத்து முடிச்சுப் போட்டார். ஒரு விரலால் தள்ளினேன், சட்டம் வழுக்கிக்கொண்டு மேலே போனது. மொத்தம் நாற்பது நிமிஷம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக் கோபத்தைப் பல்கலைக்கழகத்தின் மேல் போட முடியாது. குளிருக்கு ஒதுங்கிய இடமே ஜார்ஜ் சதுக்கத்து நூலகம்தான். பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்து 1967-இல் திறந்த கட்டடம். மேல் மாடியில் தெற்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் மெடோஸ் முழுவதும் தெரியும். என் ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயம் அங்கேதான் எழுதினேன். பூஞ்சையால் இருமல் வந்து மருத்துவரிடம் போனபோது மருந்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2011 முதல் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருக்கும் வீட்டுக்கு நகராட்சி வரியும் இல்லை.

ஆனால் ஜூனியர் கேட்டது ஒரு வருஷப் படிப்பு. செப்டம்பரில் வந்து இறங்குவாள். வீடு கிடைக்காமல் அலைந்து அக்டோபரில் எதையோ பிடிப்பாள், நவம்பரில் இருட்டிவிடும். வகுப்புகளில் பெரும்பகுதி அந்த இருட்டில்தான். வெளிச்சம் திரும்பி, மெடோஸில் செர்ரி பூக்கும்போது வகுப்பு முடிந்திருக்கும். எனக்கு அடுத்த வசந்தமும் அதற்கடுத்ததும் கிடைத்தன, அதனால்தான் இந்த ஊரை இவ்வளவு பிடித்தது.

"இந்த வருஷம் வேண்டாம்டா" என்று அனுப்பினேன். சிக்கார் பாயிண்ட் பற்றி நான் எழுதிய அத்தனையும் படித்துவிட்டு, "என்னக்கா இப்படிச் சொல்றீங்க?" என்றாள். மே மாதம் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது பிப்ரவரி. பூஞ்சை இருந்த சுவரை இன்னும் துடைத்து முடிக்கவில்லை. அப்படியும் வருவதாக இருந்தால் வீடு பார்க்கிற அன்று ஒவ்வொரு ஜன்னலையும் மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.