ஹைட்டியும் பிரிட்டனும்: அடிமை முறை ஒழிந்த இரு வழிகள்

1791 ஆகஸ்டில், பிரான்சின் கரும்புக் காலனியாக இருந்த, இன்று ஹைட்டி எனப்படும் சான் டொமிங்கில் அடிமைகள் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னாள் அடிமையான துசான் லூவெர்ச்சூர் அவர்களை ஒழுங்கான படையாக்கினார். 1794-இல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அனுப்பிய படை துசானைப் பிடித்துச் சென்றது. பிரெஞ்சுச் சிறையிலேயே அவர் இறந்தார். ஆனால் மக்கள் பணியவில்லை. 1804 ஜனவரி 1 அன்று துசானின் தளபதியாக இருந்த தெசலின் விடுதலையை அறிவித்தார். ஹைட்டி பிறந்தது.

பிரிட்டன் நாடாளுமன்ற வழியில் போனது. 1807-இல் அடிமை வணிகத்துக்குத் தடை, 1833-இல் ஒழிப்புச் சட்டம். இதை வெறும் கருணையின் வரலாறாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டிஷ் காலனியான ஜமைக்காவில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய சாமுவேல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியும் சட்டத்தை விரைவுபடுத்தியது. 1834-இல் சட்டம் நடப்புக்கு வந்தும், ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் கட்டாய உழைப்பு 1838 வரை நீண்டது.

பண விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றே. பிரிட்டன் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி தன் முதலாளிகள் இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் இழப்பீடாக ஹைட்டியிடம் 15 கோடி பிராங்க் கேட்டது. தம் உடலுக்குத் தாமே விலை கொடுக்க வைத்த அந்தக் கொடுமையை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. 1838-இல் தொகை 9 கோடியாகக் குறைந்தாலும், அதற்காக வாங்கிய கடன்கள் ஹைட்டியைப் பல தலைமுறைகள் வாட்டின.

என் பார்வையில், ஹைட்டியின் வழியே அடிமைகளை முழுக் குடிமக்களாக்கியது. பிரிட்டனின் சட்டமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. மொரீஷியஸ் தோட்டங்களில் அடிமைகளின் இடத்துக்குத் தமிழர் உட்பட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.