வெளிவேலைக்கு ஆர்கான் செட் வாங்குகிறீர்களா? மெஷினைக் கடைசியாகப் பாருங்கள்

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் எந்தக் கடையில் ஏறி டிக் மெஷின் (ஆர்கான் கேஸ் மறைப்பில், டங்ஸ்டன் கம்பி முனையில் எரியும் மின்பொறியால் உலோகத்தை ஒட்டும் வெல்டிங் மெஷின்) கேட்டாலும் பேச்சு ஆம்ப்ஸில்தான் தொடங்கும், 200-ஆ 250-ஆ என்று. நான் வைத்திருப்பது 200 ஆம்ப்ஸ், சிங்கிள் ஃபேஸ், நேர்மின்சாரம் (டிசி) கொடுக்கும் இன்வெர்ட்டர் வகை. தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறலாம், மெல்லிய எஸ்எஸ்ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்) ஆர்க், அதாவது அந்த மின்பொறி, சுத்தமாக நிற்கிறது, அந்த அளவில் திருப்தியான மெஷின். ஆனால் வண்டியில் போய் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அன்றைய வேலை நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது சிலிண்டரும் டார்ச்சும் அந்த வீட்டு பிளக் பாயிண்ட்டும்தான்.

சிலிண்டரில் இருந்து வருகிறேன். பட்டறையில் நிற்கும் 47 லிட்டர் சிலிண்டரை லிஃப்ட் இல்லாத பழைய அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. 10 லிட்டர் சிலிண்டர் போதும். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 1500 லிட்டர் ஆர்கான், நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று விட்டால் ஆர்க் மட்டுமே மூன்று மணி நேரம் எரியும். கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் கைப்பிடி விரிசல், ஹோட்டல் சிங்க் மூலை, ஸ்டீமர் ஓட்டை மாதிரி வேலைகளில் தேய்ப்பதும் துடைப்பதும் பொருத்துவதும்தான் நேரத்தைத் தின்னும், பற்ற வைப்பது சில நிமிடம்தான். வாங்கும்போது கழுத்தில் குத்தியிருக்கும் டெஸ்ட் தேதியைப் பாருங்கள், காலாவதி ஆனதை ஒழுங்கான இடத்தில் நிரப்ப மாட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிட வேண்டும், இதில் சோம்பலே கூடாது. ரெகுலேட்டரும் கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு மிதக்கிற வகையாக இருந்தால் கேஸ் எவ்வளவு போகிறது என்று எட்டி நின்றே தெரியும்.

டார்ச்சுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். எனக்கு 17 நம்பர், கழுத்து வளைகிற மாடல், கூடவே கேஸ் லென்ஸ், அதாவது கேஸைச் சீராக இறக்கும் வலை வைத்த பாகம். சிங்க்கின் உள்மூலையில் சாதாரண கப்பை (டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் குழல்) வைத்தால் டங்ஸ்டன் வேண்டிய இடத்துக்குப் போகாது. கேஸ் லென்ஸ் இருந்தால் டங்ஸ்டனை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டலாம், கேஸும் கலையாமல் நேராக இறங்கும். 1.6 மி.மீ. டங்ஸ்டன், சாம்பல் நிற முனை அல்லது தங்க நிற முனை, குறைந்த ஆம்ப்ஸில் சட்டென்று பிடிக்கும். சிவப்பு முனையில் தோரியம் (லேசான கதிரியக்கம் உள்ள உலோகம்) இருக்கிறது, தீட்டும் தூசியைத் தினமும் மூச்சில் இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆர்க் நின்ற பிறகும் சில வினாடி கேஸ் வருகிற வசதி மெஷினில் கட்டாயம் இருக்க வேண்டும், ஒட்டு வைக்கோல் நிறத்திலோ தங்க நிறத்திலோ இருந்தால் நன்றாக மூடியிருக்கிறது, சாம்பலாகக் கறுத்தால் கேஸ் போதவில்லை அல்லது சூடு அதிகம்.

பிளக் பாயிண்ட் விஷயத்தில் டிக் நமக்குப் பெரிய உதவி. 60 ஆம்ப்ஸில் ஆர்க் வோல்டேஜ் 12 பக்கம்தான், அதனால் ஏசிக்குப் போட்ட 15 ஆம்ப் பாயிண்டில் நிம்மதியாக ஓடும். அதே மெஷினில் சாதாரண வெல்டிங் ராடு மாட்டி 120 ஆம்ப்ஸ் வைத்தால் கிட்டத்தட்ட 25 வோல்ட் வேண்டும், வீட்டு எம்சிபி விழ வாய்ப்பு அதிகம். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 ஸ்கொயர் மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதையும் சுற்றி வைத்தபடியே ஓட்டாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மொட்டை மாடி வேலை என்றால் காலையிலேயே முடித்துவிட வேண்டும், மதியம் கடற்காற்று கிளம்பினால் கேஸ் பறந்து ஒட்டு முழுக்கப் பொத்தல் விழும். கேஸைக் கூட்டி வைப்பது தீர்வாகாது, அளவுக்கு மேல் விட்டால் அதுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தார்ப்பாய் கட்டி மறைப்பதுதான் வழி. அந்த ஏரியாவில் கைப்பிடி 316 (உப்பைத் தாங்கும் எஸ்எஸ் ரகம்) என்றால் ஃபில்லரும் (ஒட்டில் உருக்கி நிரப்பும் கம்பி) 316எல் போடுங்கள், சாதாரண ரகக் கம்பியான 308எல் போட்டால் உப்புக்காற்றில் ஒட்டுதான் முதலில் துருக்கறை பிடிக்கும்.

இதெல்லாம் அமைந்த பிறகு மெஷினுக்கு வாருங்கள். ஹெச்எஃப் (தொடாமலே உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க் பிடிப்பது), லிஃப்ட் ஆர்க் (டங்ஸ்டனைத் தொட்டுத் தூக்கி ஆர்க் பிடிப்பது) இரண்டும் மாற்றிக்கொள்ளும்படி இருக்கட்டும். கட்டிட லிஃப்டின் கண்ட்ரோல் போர்டு, சிசிடிவி பெட்டி பக்கத்தில் ஹெச்எஃப் போடுவது வம்பு, அந்தப் பொறி எலக்ட்ரானிக்ஸைக் குழப்பும். டியூட்டி சைக்கிள் என்று எழுதியிருப்பது 40 டிகிரி சுற்றுப்புறச் சூட்டுக்குக் கணக்குப் போட்டது, 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், மீதி நேரம் ஆற விட வேண்டும். மே மாத மொட்டை மாடியில் அதற்கும் கீழேதான் எதிர்பார்க்க வேண்டும், மெஷினை நிழலில் வையுங்கள். சர்வீஸ் எங்கே என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். எனக்கு விற்ற கடை, மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போனதும் வெளியூர் அனுப்பணும் என்று கைவிரித்தது, வேலை குவிந்திருந்த நேரத்தில் கை கட்டி உட்கார வேண்டியதாயிற்று. சென்னையிலேயே போர்டு பார்த்துக் கொடுக்கும் ஆள் இருக்கிற பிராண்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

அலுமினியம் இந்த செட்டில் ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே இருக்கிற ஆக்சைடு படலம் உருக 2000-க்கு மேல் வேண்டும், அதை உடைக்க மாறுதிசை மின்சாரம் (ஏசி) தேவை. ஏசி டிசி மெஷின் எடையும் விலையும் கூடுதல், அலுமினியம் எப்போதாவது வருகிறவர்களுக்கு அது வேண்டாம். எனக்கு அந்த வேலை வந்தால் பொருளைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.