ஏழு வயதில் எந்தப் பள்ளி?

கோலாலம்பூரில் பிள்ளைக்கு ஏழு வயது நெருங்கினால் கல்யாண வீட்டிலும் இதே பேச்சுத்தான்: பக்கத்துத் தமிழ்ப்பள்ளியா, பிள்ளையின் போக்கிலேயே விடும் மாற்றுக்கல்வி மையமா? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயது வரை, பிள்ளை தன் கையால் செய்து தானே கற்கும் மாண்டிசோரி முறை; அதன்பின் தமிழ்ப்பள்ளி.

மாண்டிசோரி நமக்கு அந்நியமில்லை. 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நல்ல மாண்டிசோரி வகுப்பில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். நாலு வயதுக் குழந்தை சின்னக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, சிந்துகிறது. ஆசிரியை ஓடி வருவதில்லை. துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கே தெரியும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுகிறது. ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம் என்று கையில் எடை தெரியப் பிடித்த பிள்ளைக்கு இடமதிப்பை யாரும் பிறகு விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனம். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்களா, இடையில் மணியடித்துக் கலைக்காமல் மூன்று மணி நேரம் வேலை செய்ய விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ்ப்பள்ளி மீது சொல்லப்படும் குறைகள் பொய்யில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுது, பிழைத்திருத்தம் செய், மனப்பாடம் செய். ஆறாம் ஆண்டின் அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்தது, வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை நிலை தருகிறார்கள். ஆனாலும் டியூஷன் குறையவில்லை. அரசாங்கம் விட்ட சோதனையை நாம் விடமாட்டோம் என்கிறோம்!

இருந்தும் ஏன் தமிழ்ப்பள்ளி? மொழிதான் காரணம். தலைநகரின் மாற்றுக்கல்வி மையங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. விரும்பியதை எடுத்துப் படி என்று பிள்ளையிடம் சொல்லலாம். அலமாரியில் தமிழே இல்லாதபோது அது எதை எடுக்கும்? தமிழ்ப்பள்ளியில் தமிழ் வெறும் பாடமல்ல. திடலில் சண்டை போடுவதும் அந்த மொழியில்தான்.

சட்டமும் இருக்கிறது. 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயம். வீட்டிலேயே படிக்க வைக்க அமைச்சரின் விலக்கு வேண்டும். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல மையங்கள் பிள்ளைகளை, இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பதில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வை எழுத வைக்கின்றன. தனியார் கல்லூரிக்கு அது போதும். ஆனால் பிற்பாடு அரசாங்க வேலைக்குப் போக நினைத்தால் எஸ்.பி.எம். மலாய்மொழி கேட்பார்கள்.

எழுத்து தடுமாறும் டிஸ்லெக்சியா பிள்ளை, வகுப்பில் அடங்கி உட்கார முடியாத பிள்ளை, பகடிவதையில் நொந்த பிள்ளை: இவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. நல்ல மையம் கிடைத்தால் தயங்காமல் மாற்றுங்கள். அதற்குமுன் அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: கல்வியமைச்சில் எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறீர்கள்? சிரித்து மழுப்பினால் முன்பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடலாம்.